பம்பாய்த் தங்கக் கடத்தல்: ஏன் வளர்ந்தது, ஏன் தளர்ந்தது, ஏன் திரும்பியது

செம்பூரில் வசிக்கும் ஒரு தமிழ் இளைஞர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். பம்பாயில் தங்கக் கடத்தல் என்பது ஹாஜி மஸ்தான் போன்ற ஒரு சிலரின் துணிச்சலால் நடந்தது என்று அவருடைய தாத்தா சொல்வது சரிதானா என்பது முதல் கேள்வி. அதைக் காவல்துறை 1990களில் ஒழித்துவிட்டது என்றால், இன்றைக்கும் மும்பை விமான நிலையத்தில் கிலோ கணக்கில் தங்கம் பிடிபடுவது ஏன் என்பது இரண்டாவது. துபாயில் வேலை பார்க்கும் தம்பியிடம் ஒருவர், "நாங்கள் தரும் நகையைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போ, டிக்கெட் எங்கள் செலவு" என்று சொல்லியிருக்கிறார், அதில் ஆபத்து உண்டா என்பது மூன்றாவது. ஜவேரி பஜாரில் நகைக்கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தம்பியின் விஷயம் காத்திருக்காது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் அதைச் செய்யக் கூடாது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு, ஆண் என்றால் 20 கிராமும் பெண் என்றால் 40 கிராமும் நகையாகத் தீர்வையின்றிக் கொண்டுவரும் சலுகை உண்டு. 2016ஆம் ஆண்டின் பயணப்பொதி விதிகளில் இதோடு முறையே 50,000 ரூபாய், 1,00,000 ரூபாய் என்ற மதிப்பு வரம்பும் சேர்ந்திருந்தது. தங்கத்தின் விலை ஏறிய ஏற்றத்தில் அந்த ரூபாய் வரம்பு கிராம் வரம்பை விழுங்கிவிட்டிருந்தது; 2026இல் வந்த புதிய விதிகளில் ரூபாய் வரம்பு இல்லை. ஆறு மாதங்களுக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்த இந்தியர் ஒரு கிலோ வரை கொண்டுவரலாம், ஆனால் விமான நிலையத்தில் சுங்கத்தின் சிவப்பு வழியில் சென்று அறிவித்து, தீர்வையை வெளிநாட்டுப் பணத்தில் கட்ட வேண்டும். இந்தச் சலுகைகள் எல்லாம் பயணியின் சொந்தப் பொருளுக்கானவை. வழக்கமாக அணியும் சொந்த நகை என்று காட்ட முடிந்த இடங்களில் நீதிமன்றங்கள் பயணிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்ததுண்டு. அடுத்தவர் கொடுத்து, கூலிக்காகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும் நகைக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், நிபந்தனையை மீறிக் கொண்டுவரப்படும் பொருளையும் தடைசெய்யப்பட்ட பொருளாகவே கருத இடம் தருகிறது. அதன் 123ஆம் பிரிவு, தங்கத்தைப் பொறுத்தவரை நிரூபிக்கும் பொறுப்பைத் திருப்பிப் போடுகிறது: கடத்தல் தங்கம் என்று நியாயமாக நம்பி அதிகாரி கைப்பற்றிவிட்டால், அது கடத்தலில் வந்ததல்ல என்று காட்ட வேண்டியது வைத்திருந்தவரின் பொறுப்பு. 108ஆம் பிரிவின்படி சுங்க அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம், போலீசாரிடம் கொடுப்பதைப் போலன்றி, நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படும்; எனவே இரவு முழுக்க விழித்த களைப்பில் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் பின்னால் எதிரே வந்து நிற்கும். நகை பறிமுதலாகும், அபராதம் விதிக்கப்படும், மதிப்பு பெரிதென்றால் ஏழாண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் வழியுண்டு. தங்கத்தின் உண்மையான சொந்தக்காரர் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்க மாட்டார், பறிபோன தங்கத்துக்கு உங்கள் தம்பியிடமே கணக்குக் கேட்கவும் கூடும். சென்னையில் குருவி என்று சொல்லப்படும் இந்த ஆட்கள்தான் இந்த வியாபாரத்தில் மிகக் குறைந்த பங்கைப் பெற்று, முழு ஆபத்தையும் சுமப்பவர்கள்.

இனி தாத்தாவின் கதைக்கு வருவோம். அவர் சொல்லும் மனிதர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ராமநாதபுரத்தை அடுத்த பனைக்குளத்தில் பிறந்து, சிறுவனாகப் பம்பாய் வந்து, துறைமுகத்தில் சுமைகூலியாக வேலை பார்த்து, பின்பு கடத்தல் பெரும்புள்ளியாக உயர்ந்தவர் ஹாஜி மஸ்தான். டாமனைச் சேர்ந்த சுக்கூர் நாராயண் பாக்கியா அவருக்குக் கூட்டாளி. அவசரநிலைக் காலத்தில் மஸ்தான் சிறையில் இருந்தார், வெளியே வந்தபின் அரசியலில் இறங்கினார், 1994இல் மறைந்தார். மும்பைத் தமிழர்கள் இவரையும் வரதராஜ முதலியாரையும் ஒரே மூச்சில் சொல்லுவார்கள்; ஆனால் வரதராஜ முதலியாரின் பெயர் பெரும்பாலும் மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயத்தோடு சேர்ந்தது, அது வேறொரு கட்டுப்பாட்டின் கதை. இவர்கள் இல்லாமல் இருந்திருந்தாலும் பம்பாய்க்குத் தங்கம் வந்துகொண்டுதான் இருந்திருக்கும் என்பது என் கருத்து. அதற்கான காரணம் விலையில் இருந்தது.

1947இல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றித் தங்கம் இறக்குமதி செய்வது தடைபட்டது. அந்த நாட்களில் உலகச் சந்தையில் தங்கத்தின் அதிகாரபூர்வ விலை ஓர் அவுன்ஸுக்கு 35 டாலர். 1949 முதல் 1966 வரை ஒரு டாலர் ஏறத்தாழ 4 ரூபாய் 76 காசு என்பதால், கணக்குப் போட்டால் 10 கிராம் 54 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. அதே 10 கிராம் 1962இல் பம்பாயில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் விற்றது. உள்நாட்டில் கோலாரில் கிடைத்ததோ தேவைக்கு முன் ஒரு துளி. நம் வீடுகளில் தாலிக்கும் காதுக்கும் வாங்குகிற பழக்கம் சட்டம் வந்ததற்காக நின்றுவிடவில்லை. தேவை அப்படியே இருக்க, வரும் வழியை மட்டும் அடைத்தால் விலை ஏறும். விலை அந்த அளவுக்கு ஏறினால் அடைத்த வழியைத் திறக்க ஆள் கிடைப்பான்.

வந்த முறை இதுதான். லண்டன் போன்ற இடங்களிலிருந்து துபாய்க்குத் தங்கம் சட்டப்படியே வந்து இறங்கியது. துபாயில் அதை வாங்குவதும் விற்பதும் மறுபடி ஏற்றி அனுப்புவதும் குற்றமல்ல. இந்தியக் கடல் எல்லைக்குள் நுழையும் கணத்தில்தான் அது கடத்தல் பொருளாயிற்று. பத்துத் தோலா பிஸ்கட் என்பது 116.6 கிராம் எடையுள்ள சிறு கட்டி, பம்பாய்ச் சந்தைக்கென்றே பழகிப்போன அளவு. உடலோடு ஒட்டிக் கிடக்கும் கித்தான் ஜாக்கெட்டில் வரிசையாகப் பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒன்றாக நூறு பிஸ்கட் வைத்தால் 11.66 கிலோ. பம்பாய் விலை வெறும் இரு மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், 1962இன் கணக்கில் ஒரு ஜாக்கெட்டுக்கு அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் இடைவெளி நிற்கிறது. பாய்மரமும் எஞ்சினும் கொண்ட அரபு மரக்கலங்கள் எல்லைக்கு வெளியே நின்றுகொள்ள, மீன்பிடிப் படகுகள் இரவில் போய் வாங்கி வந்து கரையேற்றின. 1961 டிசம்பர் வரை கோவாவும் டாமனும் போர்த்துக்கீசியரிடம் இருந்ததால், அந்தத் தரைவழியும் இன்னொரு வாசலாகத் திறந்து கிடந்தது. கரையேறிய பிஸ்கட் உருக்கு உலைக்குப் போய்விட்டால் வெளிநாட்டு முத்திரை கரைந்துவிடும், அதன்பின் அது பாட்டியின் பழைய வளையலை உருக்கிய தங்கத்திலிருந்து பிரித்தறிய முடியாதது. 123ஆம் பிரிவைப் போன்ற ஒரு தலைகீழ் விதி சட்டத்துக்குத் தேவைப்பட்டதன் காரணமும் இதுதான்.

தங்கம் வந்த வழியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அதற்கான பணம் போன வழிதான் எனக்குச் சுவையானது, கணக்கு எழுதியவனுக்கு அப்படித்தான் தோன்றும். பம்பாயில் தங்கத்தை விற்றால் கிடைப்பது ரூபாய். துபாய் வியாபாரிக்கு அடுத்த சரக்கு வாங்கத் தேவை பவுண்டும் டாலரும். ஐம்பதுகளில் இதற்கு ஓர் எளிய வழி இருந்தது. குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் அப்போது புழங்கிய பணமே இந்திய ரூபாய்தான். ஆகவே பம்பாயிலிருந்து ரூபாய்க் கட்டுகளை அங்கே கடத்தினால், அங்குள்ள வங்கிகள் அவற்றை முறைப்படி ரிசர்வ் வங்கிக்கு அனுப்பி அந்நியச் செலாவணியாக மாற்றிக்கொண்டன. கடத்தல் தங்கத்துக்கான விலையை, தடை போட்ட நாட்டின் கஜானாவே அந்நியப் பணத்தில் கொடுத்துக்கொண்டிருந்தது. இதைத் தடுக்கத்தான் 1959இல் வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டுகள் அச்சிடப்பட்டன: நிறம் வேறு, எண்ணுக்கு முன் இசட் என்ற எழுத்து, இந்தியாவுக்குள் செல்லாது. குவைத் 1961இல் சொந்த நாணயத்துக்குப் போயிற்று. 1966இல் ரூபாயின் மதிப்பு இறக்கப்பட்டதும் மற்ற நாடுகளில் பெரும்பாலானவையும் கைகழுவின.

அதன் பிறகு பணம் போக இரண்டு வழிகள் பெரிதாயின. ஒன்று வெள்ளி: பம்பாய்க் கரையிலிருந்து வெள்ளிக் கட்டிகள் கள்ளத்தனமாக ஏறி துபாய்க்குப் போயின, தங்கம் திரும்பி வந்தது. மற்றொன்று உண்டியல், அதாவது ஹவாலா. எழுபதுகளில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் பெருகியபோது, ஒருவர் அங்கே திர்ஹாமைக் கொடுத்தால், வங்கி விகிதத்தைவிடக் கூடுதலான ரூபாய் ஊரில் மனைவியின் கைக்கு வந்து சேர்ந்தது. அங்கே கொடுத்த திர்ஹாமில் தங்கம் வாங்கப்பட்டது. பம்பாயில் தங்கம் விற்ற ரூபாயில் அந்த மனைவிக்குப் பணம் தரப்பட்டது. பணம் எல்லை கடக்கவே இல்லை, கடந்தது தங்கம் மட்டும். உழைத்தவருக்கு இதில் தான் குற்றம் எதுவும் செய்ததாகத் தோன்றியிருக்காது, அவரை நான் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் கடத்தலின் முதுகெலும்பு மஸ்தானின் வெள்ளை உடையிலோ காரிலோ இல்லை, இந்தச் சுழற்சியில் இருந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்படும் தாதா கதைகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன.

அரசு செய்தது என்ன? இறக்குமதியைத் தடுத்தும் பயனில்லை என்றானபோது, உள்ளூர்ப் பயன்பாட்டையே சுருக்கப் பார்த்தது. சீனப் போரை அடுத்து, 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். 14 காரட் என்றால் நூற்றுக்கு 58 பங்கு சொச்சம்தான் தங்கம். அந்த நிறத்தையும் கடினத்தையும் கொண்ட தங்கத்தில் தாலி செய்துகொள்ள நம் பக்கத்தில் யார் முன்வருவார்கள்? நாடு முழுவதும் பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள், தற்கொலைகள் நடந்தன, தமிழ்நாட்டு ஆசாரிக் குடும்பங்களில் அந்த ஆண்டுகளைப் பற்றி இன்றும் கசப்போடுதான் பேசுவார்கள். 1966இல் 14 காரட் விதி கைவிடப்பட்டது. ஆனால் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று நிரந்தரமாகவே ஒன்று வந்தது. அதன்படி தனிமனிதர் கட்டியாகவோ பிஸ்கட்டாகவோ தங்கம் வைத்திருக்கவே கூடாது. பொற்கொல்லரிடம் 100 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உரிமம் பெற்ற வணிகரின் இருப்புக்கும் உச்சவரம்பு உண்டு. கரையில் ஜாக்கெட்டோடு இறங்கியவனைவிட, பட்டறையில் கால் பவுன் கணக்கில் கூடுதலாக வைத்திருந்த ஆசாரிதான் இந்தச் சட்டத்தின் கையில் எளிதாகச் சிக்கினார். நேர்மையாகத் தொழில் செய்ய நினைத்தவரையும் பில் இல்லாத வியாபாரத்துக்குத் தள்ளிய சட்டம் அது என்பேன். அப்படித் தள்ளப்பட்ட வியாபாரத்துக்குச் சரக்குத் தர கடத்தல்காரன் தயாராக இருந்தான்.

தண்டனைச் சட்டங்களும் கூடின. 1974 டிசம்பரில் வந்த காஃபிபோசா சட்டம் விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைக்க வழி செய்தது. 1976இல் வந்த சஃபேமா கடத்தல்காரர்களின் சொத்தையும் அவர்களுடைய உறவினர்கள் பெயரில் இருந்ததையும் பறிக்க வழி செய்தது. பெரிய பெயர்கள் உள்ளே போயின, கொஞ்ச காலம் கடல் அமைதியாக இருந்தது, பிறகு வேறு பெயர்கள் வந்தன. எத்தனை தங்கம் பிடிபட்டிருந்தது என்பதற்கு 1991 ஒரு சாட்சி. அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலையில், அந்த ஆண்டு மே மாதத்தில், அரசு தான் பறிமுதல் செய்து வைத்திருந்த தங்கத்திலிருந்து 20 டன்னைப் பாரத ஸ்டேட் வங்கி வழியாக, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு, வெளிநாட்டில் விற்று டாலர் திரட்டியது. ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்தில் 47 டன்னுக்குச் சற்றுக் குறைவாக அடகு போனது அதற்கு அடுத்த படி, ஜூலையில். எல்லாரும் நினைவில் வைத்திருப்பது அந்த அடகைத்தான்.

கடத்தலைத் தளரச் செய்தவை காவல் நிலையத்தில் நடக்கவில்லை. 1990 ஜூனில், வி.பி.சிங் ஆட்சியில், தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. 1992இல் வெளிநாடுவாழ் இந்தியர் ஆளுக்கு 5 கிலோ வரை தீர்வை கட்டிக் கொண்டுவரலாம் என்றார் நிதியமைச்சர் மன்மோகன் சிங். 1997இல் வங்கிகளும் குறிப்பிட்ட நிறுவனங்களும் நேரடியாக இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தது. ரூபாயின் விகிதமும் சந்தையோடு ஒட்டி வந்ததால் உண்டியலின் கவர்ச்சி குறைந்தது. தீர்வை கட்டிக் கொண்டுவந்தாலே கட்டுப்படியாகும் பொருளுக்கு இரவில் படகு எதற்கு? பழைய கடற்கரை வலைப்பின்னல்கள் தங்கத்தை விட்டுவிட்டு வேறு, இன்னும் மோசமான சரக்குகளுக்குப் போனதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1993 மார்ச் குண்டுவெடிப்புக்கான வெடிமருந்து ராய்காட் கரையில் இறங்கியது அந்தப் பழகிய முறையில்தான்.

அப்படியானால் ஏன் திரும்பியது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, தீர்வை விகிதத்தின் வரலாற்றைப் படித்தாலே விடை கிடைத்துவிடும். 2012 தொடக்கத்தில் தீர்வை 2 விழுக்காடு. நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (வெளிநாட்டு வரவைவிட வெளிநாட்டுச் செலவு கூடும் தொகை) 2012–13இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 விழுக்காட்டைத் தொட்டபோது, எண்ணெய்க்கு அடுத்த பெரிய செலவாகத் தங்கம் நின்றது. ஆகவே 2013 ஆகஸ்டுக்குள் தீர்வை படிப்படியாக 10 ஆயிற்று. இறக்குமதி செய்வதில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியும் வந்து, 2014 நவம்பர் வரை நீடித்தது. மும்பை, சென்னை, கோழிக்கோடு விமான நிலையங்களில் பிடிபடும் தங்கம் அந்த நாட்களில்தான் மறுபடி செய்தியானது. 2019இல் 12.5, 2021இல் கூடுதல் வரிகளோடு சேர்த்து 10.75, 2022 ஜூலையில் 15, 2024 ஜூலையில் 6. கிலோ 60 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 15 விழுக்காட்டில் ஒரு கிலோவுக்கு 9 லட்சம் மிச்சம். 6 விழுக்காட்டில் அது 3 லட்சத்து 60 ஆயிரமாகச் சுருங்குகிறது. ஆட்கூலி, டிக்கெட், விமான நிலைய ஊழியருக்கான கையூட்டு, பத்தில் ஒன்று பிடிபடும் என்ற நஷ்டம் எல்லாம் போனால் கையில் ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. 2024இல் தீர்வையைக் குறைத்தது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் தீர்வை விழுக்காட்டில் இருப்பதால், விலை இரட்டித்தால் இடைவெளியும் இரட்டிக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 இறுதியில் 10 கிராம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. ஒரு கிலோ 1.2 கோடி என்று கொண்டால், அதே 6 விழுக்காட்டில் 7 லட்சத்து 20 ஆயிரம். பில் இல்லாமல் விற்பதால் மிச்சமாகும் 3 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பாருங்கள். பழைய 15 விழுக்காட்டுக் காலத்து லாபம் ஏறத்தாழத் திரும்பிவிட்டது. ஒரு கிலோ தங்கம் கைப்பேசியின் அளவுக்குள் அடங்கிவிடும் என்பதால், படகும் ஜாக்கெட்டும் இப்போது தேவையில்லை. மெழுகோடு குழைத்த தங்கத் தூள், உடலுக்குள் மறைக்கும் குளிகை, வீட்டுச் சாதனங்களுக்குள் வார்த்த பாகம் என்று முறை மாறிவிட்டது. 1957இல் தொடங்கப்பட்ட வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் இன்றும் இதைத்தான் துரத்துகிறது.

இதைவிடப் புதியதும் பெரியதும் ஒன்று உண்டு, அதற்குக் குருவியே வேண்டாம். சுங்கத் தீர்வைப் பட்டியலின் 71ஆம் அத்தியாயக் குறிப்பின்படி, எடையில் 2 விழுக்காடு பிளாட்டினம் கலந்திருந்தால் அந்தக் கலவை பிளாட்டினக் கலவையாகவே கொள்ளப்படும், மீதி முழுவதும் தங்கமாக இருந்தாலும் சரி. 2022இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தில் பிளாட்டினக் கலவைக்குத் தீர்வை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வரும்படி வைத்திருந்தார்கள். ஆகவே தங்கத்தில் சிறிதளவு பிளாட்டினத்தை உருக்கிச் சேர்த்து, சரியான பில்லோடும் சான்றிதழோடும் பட்டப்பகலில் இறக்கினார்கள். இங்கே வந்ததும் பிரித்துத் தங்கமாக விற்றார்கள். 2025இல் அரசு அந்த இறக்குமதியை உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. இதைக் கடத்தல் என்று சொல்வதா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம், வரி ஏய்த்த லாபம் போய்ச் சேர்ந்த இடம் அதேதான். உங்கள் தாத்தாவின் காலத்தில் மசகான் துறைமுகத்தில் சுமைகூலியின் தோள் தேவைப்பட்ட வேலைக்கு, இப்போது தீர்வைப் பட்டியலை வரிவரியாகப் படிக்கத் தெரிந்த ஒரு கணக்கர் போதும்.